அம்பருக்குள் அழிந்துபோன தேனீக்கள்: இனம் காண்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் மாணவர்களிடம் பூச்சிகளைப் பற்றிப் பேசும்போது, அம்பர்த் துண்டின் படம் ஒன்றைக் காட்டியவுடன் எழுகிற முதல் கேள்வி பெரும்பாலும் "இது என்ன தேனீ?" என்பதுதான். அந்தக் கேள்வியை நான் எப்போதும் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். கையில் இருப்பது அம்பர்தானா, அது எந்த மண்ணடுக்கிலிருந்து வந்தது, உள்ளே இருப்பது தேனீதானா, அதன் உடலில் எந்தெந்த உறுப்புகள் நம் கண்ணுக்குத் தெரிகின்றன என்பவற்றுக்கு விடை கிடைத்த பிறகே பெயரைப் பற்றிப் பேச முடியும். கீழே உள்ள கேள்விகள் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்கப்பட்டவை. ஓரளவுக்கு அந்த வரிசையிலேயே அவற்றை அமைத்திருக்கிறேன்.

அம்பர் என்பது திமிங்கலத்திலிருந்து கிடைப்பது அல்லவா?

அல்ல. கடற்கரையில் பிடிபட்டதாக அவ்வப்போது செய்தித்தாள்களில் வரும் அம்பர்கிரீஸ், எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் மெழுகு போன்ற பொருள். இங்கே நாம் பேசும் அம்பர், பல லட்சம் அல்லது பல கோடி ஆண்டுகளுக்கு முன் மரங்களிலிருந்து வடிந்த பிசின் மண்ணில் புதைந்து, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து இறுகியதால் உண்டானது. பெயர் ஒற்றுமையைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை.

மயிலாப்பூரிலோ தங்கசாலைத் தெருவிலோ உள்ள நாட்டு மருந்துக் கடையில் குங்கிலியம் வாங்கிப் பார்த்தவர்களுக்கு அம்பரை விளக்குவது எளிது. குங்கிலியம் தரும் மரங்களின் குடும்பத்தைத் தாவரவியலார் டிப்டெரோகார்ப்பேசி என்று அழைக்கின்றனர். குஜராத்தின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் கிடைக்கும் ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுப் பழமையுள்ள அம்பரும் இதே குடும்பத்து மரங்களின் பிசின்தான் என்று வேதியியல் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே சாம்பிராணித் தட்டில் நாம் தூவும் பொருளுக்கும் அந்தப் புதைபடிவத்துக்கும் உறவு நெருக்கமானது.

தேனீ எப்படிப் பிசினுக்குள் சிக்கியது? எல்லா வகைத் தேனீக்களும் ஒரே அளவில் கிடைக்கின்றனவா?

எல்லா வகைகளும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. அம்பரைப் படிக்கத் தொடங்குபவர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய செய்தி இதுவே என்பது என் கருத்து.

சென்னையின் பழைய வீட்டுச் சுவர்களின் விரிசல்களில் கொடுக்கற்ற தேனீ வகையான கொசுத்தேனீ கூடு கட்டியிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். சுவரிலிருந்து விரல் நீளத்துக்குக் கருநிறக் குழல் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; அதன் வாயில் சின்னஞ்சிறு தேனீக்கள் காவல் நிற்கும். அந்தக் குழலையும் கூட்டின் உள்ளறைகளையும் அவை தம் மெழுகோடு மரப்பிசினைக் கலந்தே கட்டுகின்றன. பிசினுக்காக நாள்தோறும் மரக்காயங்களைத் தேடிப் போகிற பூச்சி, அந்தப் பிசினிலேயே ஒட்டிக்கொண்டு உயிரை விடுவதில் வியப்பில்லை. பண்டைக் காலத்துக் கொடுக்கற்ற தேனீக்களும் இவ்வாறே மாட்டிக்கொண்டன.

கரீபியக் கடலில் உள்ள டொமினிக்கன் குடியரசின் அம்பரில் மிகுதியாகக் கிடைக்கும் தேனீ, புரோப்ளீபியா டொமினிக்கானா என்னும் கொடுக்கற்ற தேனீ. கிடைப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை வேலைக்காரத் தேனீக்கள். ஆண் தேனீ அரிது. இதைக் கொண்டு அந்தக் காட்டில் கொடுக்கற்ற தேனீக்களே பெரும்பான்மையாக இருந்தன என்று முடிவு செய்வது பிழையாகும். மண்ணில் வளை தோண்டி வாழும் தேனீயும், பூவிலிருந்து பூவுக்குப் பறந்து மரப்பட்டையைத் தொடாமலே வாழ்ந்த தேனீயும் பிசினில் விழுவதற்கான வாய்ப்பு குறைவு. பெரிய உடலும் வலுவும் உள்ள தேனீ, விழுந்தாலும் பெரும்பாலும் உதறிக்கொண்டு பறந்துவிடும். எனவே அம்பரில் உள்ள எண்ணிக்கையை அக்காலத்துத் தேனீக்களின் மக்கள்தொகைக் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தேனீக்கள் உள்ள அம்பர் எங்கெங்கே கிடைக்கிறது?

பால்டிக் கடற்கரை நாடுகளின் அம்பர் மிகப் புகழ்பெற்றது. அது ஈயோசீன் காலத்தை, அதாவது ஏறத்தாழ 5.6 கோடி முதல் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தைச் சேர்ந்தது. அதிலுள்ள தேனீக்களைப் பூச்சியியலாளர் கோக்கரெல் 1909-ஆம் ஆண்டு விவரித்தார். அமெரிக்கப் பூச்சியியலாளர் மைக்கேல் எங்கல் 2001-ஆம் ஆண்டு அவற்றை முழுமையாக மீளாய்வு செய்து ஒரு பெருநூலாக வெளியிட்டார். பாரிஸ் வடிநிலத்தின் ஓய்ஸ் பகுதி அம்பர் இதைவிடப் பழையது. டொமினிக்கன் அம்பரும் மெக்சிகோவின் சியாப்பாஸ் அம்பரும் மயோசீன் காலத்தவை. டொமினிக்கன் அம்பரின் வயது 1.5 கோடி முதல் 2 கோடி ஆண்டுகள் என்று இப்போது கொள்ளப்படுகிறது. மியான்மரின் கச்சின் மாநிலத்து ஹூக்காங் பள்ளத்தாக்கில் கிடைக்கும் பர்மா அம்பர், ஏறத்தாழ 9.9 கோடி ஆண்டுப் பழமை கொண்ட கிரெட்டேசியஸ் காலப் பொருள். (பர்மா பஜாரில் இது கிடைக்குமா என்று ஒருமுறை கேட்டார்கள், அங்கே நான் பார்த்ததில்லை.)

நம் நாட்டில், சூரத் மாவட்டத்து வஸ்தான் சுரங்கத்திலிருந்து எடுக்கப்பட்ட காம்பே அம்பர் பற்றிய விரிவான ஆய்வு 2010-இல் வெளியானது. லக்னோவில் உள்ள பீர்பல் சாஹ்னி நிறுவனத்தின் ஆய்வாளர்களும் அதில் பங்கேற்றனர். அந்த அம்பரில் மெலிகெர்ட்டினி என்ற அழிந்துபோன கணத்தை (குடும்பத்துக்குள் அடங்கும், பேரினங்களின் தொகுதி) சேர்ந்த தேனீக்கள் கிடைத்துள்ளன. அதே கணம் பால்டிக் அம்பரிலும் உண்டு. இந்தியத் துணைக்கண்டம் ஆசியாவோடு மோதத் தொடங்கியிருந்த காலத்திலேயே இரு நிலப்பகுதிகளுக்கும் இடையே பூச்சிகள் பரவியிருந்தன என்பதற்கான சான்றுகளில் இதுவும் ஒன்று. காம்பே அம்பருக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு: அது முழுமையாக இறுகாததால், தகுந்த கரைப்பானில் அதைக் கரைத்துப் பூச்சியை முழுமையாக வெளியே எடுக்க முடியும். வேறெந்த அம்பரிலும் எளிதில் வாய்க்காத வசதி அது.

அம்பரின் வயதை எப்படிக் கணிக்கிறார்கள்? கார்பன் சோதனை செய்வார்களா?

கார்பன் காலக்கணிப்பு ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு மேல் செல்லாது. ஆகவே அம்பர் கிடைத்த மண்ணடுக்கின் வயதே அதன் வயதாகக் கொள்ளப்படுகிறது. பர்மா அம்பர் கிடைத்த அடுக்கின் எரிமலைச் சாம்பலில் உள்ள சிர்கான் படிகங்களில் யுரேனியமும் ஈயமும் எந்த விகிதத்தில் உள்ளன என்று அளந்து அதன் வயதைக் கண்டனர். வஸ்தானில் கடல்வாழ் நுண்ணுயிரிகளின் ஓடுகள் உதவின. பால்டிக் அம்பர் பழைய அடுக்கிலிருந்து அரிக்கப்பட்டு வேறோர் அடுக்கில் மீண்டும் படிந்திருக்கக் கூடியது என்பதால், அதன் வயது குறித்த விவாதம் இன்னும் ஓயவில்லை. சுரங்கத்தின் பெயரும் அடுக்கும் குறிக்கப்படாமல் விற்கப்பட்ட துண்டின் அறிவியல் மதிப்பு பாதியாகிவிடுவது இதனாலேயே.

என்னிடம் உள்ள துண்டு உண்மையான அம்பரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடமிருந்து "பால்டிக் அம்பர், முழுத் தேனீயுடன்" என்ற விளம்பரத்தை நம்பி ஒரு துண்டு வாங்கினேன். வந்து சேர்ந்ததும் அதன் அழகே ஐயத்தைக் கிளப்பியது. தேனீ சரியாக நடுவில் இருந்தது. சிறகுகள் இரண்டு பக்கமும் ஒரே கோணத்தில் விரிந்திருந்தன. ஆறு கால்களும் ஒழுங்காக மடிந்திருந்தன. பிசினில் மாட்டிய பூச்சி போராடும். அதன் கால்கள் கோணிக்கொள்ளும். உடலைச் சுற்றிப் பிசின் சுழிகளும் காற்றுக்குமிழிகளும் இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தபோது, கூட்டுக்கண்களில் அடர்ந்த மயிரும் சிறகின் நுனி வரை நீண்ட குறுகிய அறையும் தெரிந்தன. நம் ஊர் அடுக்குத் தேனீயோ அதன் நெருங்கிய உறவோ பிளாஸ்டிக்கில் ஊற்றப்பட்டிருக்கிறது என்பது உறுதியாயிற்று. அந்தத் துண்டை இன்றும் வைத்திருக்கிறேன். மாணவர்களுக்குக் காட்ட அதைவிட நல்ல பொருள் கிடையாது.

வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளில் எளியது உப்பு நீர்ச் சோதனை. ஒரு டம்ளர் நீரில் இனிக் கரையாது என்ற அளவுக்கு உப்பைக் கரைத்துத் துண்டைப் போட்டால் அம்பர் மிதக்கும். கண்ணாடியும் பலவகைப் பிளாஸ்டிக்குகளும் மூழ்கும். ஆனால் கோப்பல் என்னும் இளம்பிசினும் மிதக்கும். சில பிளாஸ்டிக்குகளும் மிதக்கும். எனவே மிதந்துவிட்டது என்பதால் மட்டும் மகிழ்ந்துவிடக் கூடாது. அசிட்டோனை ஒரு துளி வைத்தால் கோப்பலின் மேற்பரப்பு பிசுபிசுக்கும்; நன்கு முதிர்ந்த அம்பர் பெரும்பாலும் அப்படியே இருக்கும். சுட்ட ஊசியைக் குத்திப் பார்க்கும் பழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. அது துண்டைக் கெடுக்கும். ஆய்வகத்தில் அகச்சிவப்பு நிறமாலை எடுத்தால் பால்டிக் அம்பருக்கே உரிய ஒரு மேட்டுவடிவம் வரைபடத்தில் தெரியும். அதைக் கொண்டு எந்த வட்டாரத்துப் பிசின் என்பது வரை சொல்ல முடியும்.

அம்பர் உண்மையாக இருந்து பூச்சி பொய்யாக இருப்பதும் உண்டு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள, பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து மதிக்கப்பட்டு வந்த பால்டிக் அம்பர்த் துண்டு ஒன்றில், இன்றைக்கும் கழிவறைகளில் காணப்படும் ஃபேனியா ஸ்கேலாரிஸ் என்ற ஈ இருந்தது. ஓர் இனம் இத்தனை கோடி ஆண்டுகள் மாறாமல் இருந்ததற்குச் சான்றாக அது காட்டப்பட்டது. 1993-இல் ஆண்ட்ரூ ராஸ் அதை நுண்ணோக்கியின் கீழ் ஆராய்ந்தபோது, விளக்கின் வெப்பத்தில் ஒரு விரிசல் தோன்றியது. அம்பரை இரண்டாகப் பிளந்து, குடைந்து, ஈயை வைத்து ஒட்டியிருந்தார்கள். பல தலைமுறை வல்லுநர்கள் பார்த்தும் தப்பிய மோசடி அது.

கோப்பலுக்கும் அம்பருக்கும் இடையே எல்லை எங்கே?

2020-இல் முன்வைக்கப்பட்ட ஒரு வரையறையின்படி, 25.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பிருந்து கி.பி. 1760 வரையிலான பிசின் கோப்பல். அதற்குப் பிற்பட்டது வேறு பெயரில் தனியே பிரிக்கப்படுகிறது. மடகாஸ்கரிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் வருகிற கோப்பல் அம்பரென்று விற்கப்படுவது வழக்கம். அதில் உள்ள தேனீக்கள் பெரும்பாலும் இன்றும் வாழும் பேரினங்களைச் சேர்ந்தவை.

உள்ளே இருப்பது தேனீயா குளவியா என்பதை எவ்வாறு பிரித்தறிவது?

தேனீக்கள், வேட்டைக் குளவிகளின் ஒரு கிளையிலிருந்து தோன்றியவை. குட்டிகளுக்குப் பூச்சி இறைச்சியை ஊட்டி வந்த குளவிகளில் ஒரு வழி மகரந்தத்துக்கு மாறியபோது தேனீக்கள் உண்டாயின. எனவே பழைய அம்பரில் எல்லைக்கோடு மங்கலாகத்தான் இருக்கும்.

மூன்று அடையாளங்களை நான் தேடுவேன். முதலாவது, உடல் மயிர்கள். தேனீயின் மயிர்களில் குறைந்தது சிலவேனும் இறகு போலக் கிளைத்திருக்கும். குளவியின் மயிர் நேரானது. இரண்டாவது, பின்னங்காலின் பாதத்தில் உள்ள முதல் கணு. தேனீயில் அது அடுத்த கணுக்களைவிடத் தெளிவாக அகன்றிருக்கும். மூன்றாவது, குளவிகள் தம்மைச் சுத்தம் செய்துகொள்ளப் பின்னங்காலில் வைத்திருக்கும் சீப்பு போன்ற அமைப்பு தேனீக்களில் இல்லாதிருப்பது. மயிர் கிளைத்திருக்கிறதா என்று பார்க்க உயர்ந்த உருப்பெருக்கம் தேவை. பிசினில் உள்ள நுண்குமிழிகள் மயிரின்மீது ஒட்டிக்கொண்டு கிளைபோல் ஏமாற்றுவதும் உண்டு.

இந்தச் சிக்கலுக்கு நல்ல எடுத்துக்காட்டு மெலிட்டோஸ்ஃபெக்ஸ் பர்மென்சிஸ். ஜார்ஜ் பாய்னரும் பிரையன் டான்ஃபோர்த்தும் 2006-இல் பர்மா அம்பரிலிருந்து விவரித்த, மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத ஆண் பூச்சி அது. கிளைத்த மயிர்கள் இருந்ததால் அது உலகின் மிகப் பழைய தேனீ என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் அதன் பின்னங்கால் குளவியினதைப் போலக் குறுகலாக இருந்தது. வேறு சில குளவிப் பண்புகளும் கூடவே இருந்தன. அதைத் தேனீக்களுக்கும் குளவிகளுக்கும் இடைப்பட்ட ஒன்றாக அதன் ஆசிரியர்களே கருதித் தனிக்குடும்பத்தில் வைத்தனர். பிற்காலத்து ஆய்வாளர்கள் பலர் அது தேனீயே அல்ல, குளவிகளோடு சேர வேண்டியது என்கின்றனர். செய்தித்தாள்கள் மட்டும் இன்றும் "10 கோடி ஆண்டுத் தேனீ" என்றே எழுதுகின்றன.

தேனீ என்று உறுதியானால், எந்தக் குடும்பம் என்று எப்படிக் கண்டறிவது?

இன்று வாழும் ஏறத்தாழ 20,000 தேனீ இனங்கள் ஏழு குடும்பங்களில் அடங்குகின்றன. அவற்றைப் பிரிக்கும் பண்புகள் பல, நாக்கிலும் வாயுறுப்பிலும் உள்ளவை. அம்பருக்குள் இறந்த தேனீ நம் வசதிக்காக நாக்கை நீட்டிக்கொண்டு இருப்பதில்லை. எனவே சிறகையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது.

முன்சிறகின் நரம்புகள் ஒரு வலைபோல அறைகளை உண்டாக்குகின்றன. முன்விளிம்பை ஒட்டியுள்ள நீண்ட அறைக்குக் கீழே வரிசையாக அமைந்த சிற்றறைகளை எண்ணுவதே முதல் வேலை. பல குடும்பங்களில் அவை மூன்று. இலையை வட்டமாக வெட்டிக் கூடு கட்டும் தேனீக்களின் குடும்பமான மெகாக்கிலிடேயில் அவை இரண்டே. ஹாலிக்டிடே குடும்பத்துத் தேனீக்கள் பெரும்பாலானவற்றில் சிறகின் அடிப்பகுதி நரம்பு வில்லாக வளைந்திருக்கும். பயிற்சியுள்ள கண்ணுக்கு அந்த ஒரு வளைவே போதும். கொடுக்கற்ற தேனீக்களில் சிறகின் வெளிப்பாதி நரம்புகள் தேய்ந்தும் மறைந்தும் போயிருக்கும். ஏபிஸ் பேரினத்தில், அதாவது நாம் தேன் எடுக்கும் பெருந்தேனீக்களில், விளிம்பறை சிறகின் நுனியை ஏறத்தாழத் தொடும் அளவுக்கு நீண்டிருக்கும்.

அடுத்து பின்னங்கால். மகரந்தத்தை உருட்டி ஒட்டிவைக்கும் வழுவழுப்பான குழிவு, அதாவது மகரந்தக் கூடை, இருந்தால் அது ஏபிடே குடும்பத்தின் ஒரு கிளையைச் சேர்ந்தது. அந்தக் கிளையில் இன்று நான்கு கணங்கள் மட்டுமே உள்ளன: பெருந்தேனீக்கள், பம்பிள் தேனீக்கள், கொடுக்கற்ற தேனீக்கள், ஆர்க்கிட் தேனீக்கள். (துணைக்குடும்பத்துக்கும் பேரினத்துக்கும் இடைப்பட்ட நிலையைக் கணம் என்று குறிக்கிறேன், இலத்தீன் பெயரில் அது "இனி" என்று முடியும், குடும்பப் பெயர் "இடே" என்று முடியும்.) ஈயோசீன் அம்பரோ எலெக்ட்ராபினி, எலெக்ட்ரோபாம்பினி, மெலிகெர்ட்டினி என்று இன்னும் மூன்று கணங்களைக் காட்டுகிறது. மூன்றும் இன்று இல்லை. ஈயோசீன் இறுதியில் உலகம் குளிர்ந்தபோது அவை மறைந்தன என்பது எங்கல் தரும் விளக்கம். கூட்டமாக வாழும் தேனீக்களின் வரலாற்றை, உயிரோடு இருக்கும் நான்கு கணங்களை மட்டும் வைத்து எழுதியிருந்தால் பாதிக் கதையை விட்டிருப்போம். அம்பர் ஆய்வின் மிகப் பெரிய பயன் இதுவே என்று கருதுகிறேன்.

பாலினத்தையும் பார்க்க வேண்டும். ஆண் தேனீயின் உணர்கொம்பில் 13 கணுக்கள், பெண்ணுக்கு 12. ஆணுக்கு மகரந்தக் கூடை இராது. இதை மறந்தவர், ஒரே இனத்தின் ஆணையும் பெண்ணையும் இரண்டு இனங்களாக எழுதிவிடக்கூடும்.

நிறத்தை நம்ப வேண்டாம். உள்ளே பெரும்பாலும் எஞ்சியிருப்பது உடலின் வெறும் மேலோடு, நிறமிகள் மாறியிருக்கும், பால்டிக் அம்பரில் உடலைச் சுற்றி வெண்பனி போன்ற படலம் ஒன்றும் மூடியிருக்கும்.

விரிசலோ குப்பையோ தேனீயை மறைத்தால் என்ன செய்வது?

முதலில் துண்டை மெல்லத் தேய்த்து, தேனீயின் முகத்துக்கும் முதுகுக்கும் இணையான தட்டைப் பரப்புகளை உருவாக்குவார்கள். அம்பருக்கு ஒத்த ஒளிவிலகல் உள்ள திரவத்தில் அமிழ்த்தினால் மேற்பரப்புக் கீறல்கள் மறைந்து உள்ளுறுப்புகள் தெளிவாகும். அதுவும் போதாதபோது மைக்ரோ சி.டி. ஸ்கேன் கைகொடுக்கிறது. டொமினிக்கன் அம்பரிலிருந்து 2011-இல் விவரிக்கப்பட்ட புரோப்ளீபியா அப்டிட்டா என்ற இனம் இந்த முறையில்தான் உருப்பெற்றது. அப்டிட்டா என்றால் இலத்தீனில் மறைந்திருப்பது என்று பொருள்.

நாம் அறிந்த தேனீ, அதாவது ஏபிஸ், அம்பரில் ஏன் கிடைப்பதில்லை?

அதன் பழைய புதைபடிவங்கள் பெரும்பாலும் ஏரிப் படிவுப் பாறைகளில் அழுத்தப்பட்டே கிடைக்கின்றன. ஜெர்மனியின் ராட் என்ற இடத்திலும் அமெரிக்காவின் நெவாடாவிலும் கிடைத்தவை அத்தகையன. நெவாடாவில் கிடைத்தது ஏறத்தாழ 1.4 கோடி ஆண்டுப் பழமையுள்ள ஏபிஸ் நியார்க்டிக்கா. ஐரோப்பியர் தேனீக்களைக் கொண்டு செல்வதற்கு முன் வட அமெரிக்காவில் ஏபிஸ் இருந்ததே இல்லை என்ற எண்ணத்தை அது 2009-இல் மாற்றியது. "அம்பரில் ஏபிஸ்" என்று யாரேனும் விற்க வந்தால் பணப்பையை மூடிக்கொள்வது நல்லது.

புதிய இனத்துக்குப் பெயர் வைப்பது எப்படி? பெயர்கள் ஏன் மாறிக்கொண்டே இருக்கின்றன?

பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் விதிகளின்படி, ஓர் இனத்துக்குப் பெயர் சூட்டும்போது அதற்கு ஆதாரமான ஒரு மாதிரியை வகைமாதிரியாக அறிவிக்க வேண்டும். அது எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பதையும் சொல்ல வேண்டும். பின்னால் ஐயம் எழுந்தால் எவரும் சென்று பார்க்கும்படி அது ஓர் அருங்காட்சியகத்தில் இருப்பதே முறை. அழிந்த இனம் என்பதைக் காட்ட, பெயருக்கு முன் சிறு குத்துவாள் குறி இடுவது வழக்கம்.

பெயர் மாறுவது ஆய்வின் குறையன்று. டொமினிக்கன் தேனீயை 1964-இல் விவரித்த வில்லியும் சாண்ட்லரும் அதை ட்ரைகோனா என்ற இன்றும் வாழும் பேரினத்தில் வைத்தனர். நுணுகிப் பார்த்த சார்லஸ் மிச்செனர் 1982-இல் அதற்கெனப் புரோப்ளீபியா என்ற தனிப் பெயரைத் தந்தார். நியூ ஜெர்சி அம்பரில் இருந்த ஒரு கொடுக்கற்ற தேனீயை மிச்செனரும் டேவிட் கிரிமால்டியும் 1988-இல் ட்ரைகோனா பிரிஸ்கா என்று அறிவித்தனர். அப்போது அதன் வயது எட்டுக் கோடி ஆண்டுகளை ஒட்டி இருக்கலாம் என்று எண்ணப்பட்டது. இத்தனை முன்னேறிய தேனீ இத்தனை பழைய காலத்திலா என்று பலரும் திகைத்தனர். எங்கல் 2000-இல் அதைக் கிரீட்டோட்ரைகோனா என்ற அழிந்த பேரினத்துக்கு மாற்றியதோடு, வயதையும் கிரெட்டேசியஸ் காலத்தின் இறுதிக்கு, ஏறத்தாழ 6.5 முதல் 7 கோடி ஆண்டுகளுக்குக் குறைத்தார். பேரினப் பெயர் மாறியபோதும் "பிரிஸ்கா" என்ற சிற்றினப் பெயர் அப்படியே தொடர்வதைக் கவனியுங்கள். அது வகைமாதிரியோடு ஒட்டியது.

சிறகும் காலும் சரியாகத் தெரியாத மாதிரிக்குச் சிற்றினப் பெயர் வைக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. "மெலிகெர்ட்டினி, பேரினம் அறியப்படவில்லை" என்று எழுதி வைப்பதும் முழுமையான விடைதான். அவசரமாக வைத்த பெயரை நீக்குவதற்கு அடுத்த தலைமுறை ஆய்வாளர் செலவிடும் காலம், அதை வைப்பதற்கு ஆனதைவிடப் பல மடங்கு.

இது அழிந்த இனம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? எங்காவது காட்டில் இருக்கலாம் அல்லவா?

கோடி ஆண்டுக் கணக்கில் சிற்றினங்கள் நீடிப்பதில்லை; அம்பரில் கண்ட தேனீச் சிற்றினம் எதுவும் இன்று உயிரோடு கிடைத்ததில்லை. பேரினங்கள் நீடிக்கலாம்: டொமினிக்கன் அம்பரில் உள்ள யூக்ளாசா என்ற ஆர்க்கிட் தேனீப் பேரினம் இன்றும் தென் அமெரிக்காவில் வாழ்கிறது.

டி.என்.ஏ. எடுத்து வகைப்படுத்த முடியாதா?

திரைப்படங்களின் தயவால் தவறாமல் வரும் கேள்வி. 1992-இல் புரோப்ளீபியா தேனீயிலிருந்தே டி.என்.ஏ. எடுத்ததாக ஓர் ஆய்வுக்குழு அறிவித்தது. 1995-இல் அத்தேனீயின் குடலிலிருந்து பாக்டீரியா வித்துகளை உயிர்ப்பித்ததாகவும் கூறப்பட்டது. பிற ஆய்வகங்கள் அம்பர்ப் பூச்சிகளில் மீண்டும் முயன்றபோது டி.என்.ஏ. கிடைக்கவில்லை, முதலில் கிடைத்தது ஆய்வகத்தில் கலந்த மாசு என்பதே பெரும்பாலோர் முடிவு. 2013-இல் கொலம்பியக் கோப்பலில் இருந்த கொடுக்கற்ற தேனீக்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் ஒரு துண்டு அறுபது ஆண்டுகூடத் தாண்டாத அளவுக்கு இளையது. அதிலும் நம்பத்தக்க டி.என்.ஏ. எதுவும் இல்லை. ஆகவே உருவ அமைப்பைத் தவிர வேறு வழி கிடையாது. சிறகு நரம்புகள் சந்திக்கும் புள்ளிகளைக் கணினியில் குறித்து, இன்றைய தேனீக்களின் சிறகு வடிவங்களோடு கணித முறையில் ஒப்பிடும் உத்தி இப்போது பரவலாகியிருக்கிறது.

தேனீயோடு பூக்களும் மகரந்தமும் கிடைக்குமா?

கிடைத்திருக்கிறது. டொமினிக்கன் அம்பரில் ஒரு புரோப்ளீபியா வேலைக்காரத் தேனீயின் முதுகில் ஆர்க்கிட் மலரின் மகரந்தத் திரள் ஒட்டியிருந்தது. சாண்டியாகோ ராமிரெசும் உடன் பணியாற்றியவர்களும் 2007-இல் அந்த ஆர்க்கிடுக்கு மெலியார்க்கிஸ் கரீபியா என்று பெயரிட்டனர். அதன் வயதை அடிப்படையாக வைத்து, இன்றைய ஆர்க்கிட்கள் அனைத்துக்கும் பொதுவான மூதாதை 7.6 முதல் 8.4 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது என்று கணக்கிட்டார்கள். மலரே இல்லாமல், தேனீ சுமந்து வந்த மகரந்தத்தைக் கொண்டு மட்டும் ஒரு தாவரத்துக்குப் பெயர் வைத்தது இங்கே நினைக்கத் தக்கது. ஓய்ஸ் அம்பரில் உள்ள பேலியோமேக்ரோபிஸ் என்ற தேனீயின் கால்மயிர்கள், அது மலர்களிலிருந்து எண்ணெய் சேகரித்ததைக் காட்டுகின்றன.

பர்மா அம்பர் வாங்கலாமா?

நான் வாங்குவதில்லை. கச்சின் மாநிலச் சுரங்கங்களின் வருவாய் ஆயுத மோதல்களோடு பின்னிப்போனதால், அவ்வம்பரை வாங்குவது குறித்துத் தொல்லுயிரியலாளர்களே 2020-இல் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தனர். அங்கிருந்து புதைபடிவங்களை ஏற்றுமதி செய்யத் தடை உண்டு; ஆனால் அம்பர், மணிக்கல் என்ற பெயரில் வெளியேறிவிடுகிறது. வகைமாதிரிகள் தனியார் கைகளில் தங்கிவிடுவது இன்னொரு தொல்லை.

சென்னையில் இருந்துகொண்டு இதைக் கற்க முடியுமா?

முடியும், அம்பர் இல்லாமலேயே தொடங்கலாம். சன்னலோரத்தில் இறந்து கிடக்கும் கொசுத்தேனீ, அடுக்குத் தேனீ, முருங்கைப் பூவுக்கு வரும் கருநிறத் தச்சுத் தேனீ ஆகியவற்றின் முன்சிறகைக் கழற்றி, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். அறைகளை எண்ணி, நரம்புகளைக் கையால் வரையுங்கள். ஐம்பது சிறகுகளை வரைந்த பிறகு அம்பர்ப் படங்களைப் பார்த்தால், முன்பு வெறும் கோடுகளாகத் தெரிந்தவை வேறுவிதமாகத் தெரியும். 1851-இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் புதைபடிவங்களையும் விலங்கியல் காட்சிகளையும் ஒரே நாளில் பார்க்கலாம். சாந்தோமில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது.

உண்மையான துண்டு ஒன்று கையில் இருந்தால், இந்த ஊர் வெயிலிலிருந்து அதைக் காப்பாற்றுங்கள். அம்பர் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் கருத்து, மேற்பரப்பில் மயிர்க்கோடுகளாக வெடிக்கும். சித்திரை வெயில் படும் சன்னலோர அலமாரி அதற்கு மிக மோசமான இடம். காற்றுப் புகாத சிறு டப்பாவில், இருட்டில், குளிர்ந்த அறையில் வையுங்கள். வாசனைத் திரவியமோ சானிடைசரோ பட்ட கையால் தொடாதீர்கள். டப்பாவுக்குள்ளேயே ஒரு சீட்டில் எங்கே, எப்போது, யாரிடமிருந்து வாங்கியது என்பதைப் பென்சிலால் எழுதி வையுங்கள். மையால் எழுதினால் நம் ஊர் ஈரக்காற்றில் பரவிவிடும்.